பெடலுக்குள் ஒரு தராசு

குளச்சலில் சைக்கிளை எடுத்து மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, முட்டம் என்று கடலோரமாகவே தென்கிழக்கே மிதித்தால் கன்னியாகுமரி போய்ச் சேரலாம். ஆடி மாதத்து மேல்காற்றில் போகும்போது முதுகில் தள்ளல், திரும்பும்போது நெஞ்சில் முட்டல். போகையில் 30 காட்டும் வேகமானி வரும்போது 20-ஐத் தொடவே திணறும். இரண்டு எண்ணும் சரிதான். ஆனால் உங்கள் கால் எவ்வளவு உழைத்தது என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். காற்றே இல்லாத சமதளத்தில் மணிக்கு 25 கி.மீ. போக ஏறக்குறைய 100 வாட் போதும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று வந்தால் அதே வேகத்துக்கு 200 வாட் தேவை. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 40 வாட்டே அதிகம். காற்றின் தடை, எதிர்ப்படும் வேகத்தின் இருமடியாக ஏறுவதுதான் காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றிலும் வேகத்தின் விளைவு பெரிது: அது சுமந்துவரும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், வேகம் இருமடங்கானால் திறன் எட்டு மடங்காகும்.

அதனால்தான் பந்தயச் சைக்கிள்காரர்கள் வேகத்தை விட்டுவிட்டு வாட்டைப் பார்க்கிறார்கள். 1986-இல் ஜெர்மனியின் உல்ரிக் ஷோபரர் பெடலைத் தாங்கும் கிராங்கில் பொருத்தும் திறன்மானியை உருவாக்கினார். பின்னர் அந்த அளவி பெடலுக்குள்ளேயே புகுந்துவிட்டது; அப்படிப்பட்ட பெடல்களில் ஒன்றான கார்மின் நிறுவனத்தின் வெக்டர் 2013-இல் விற்பனைக்கு வந்தது. ஒரு சைக்கிளிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிக்கொள்ளலாம் என்பதே பெடலின் பெரிய வசதி.

உள்ளே நடப்பது அழகான இயற்பியல். நீங்கள் மிதிக்கும்போது பெடலின் எஃகு அச்சு, கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகிறது. அச்சில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ் என்னும் மெல்லிய உலோக இழையும் கூடவே நீள்கிறது. நீண்டால் மின்தடை கூடும். இழுத்த கம்பியின் மின்தடை மாறுவதை 1856-இலேயே கெல்வின் கண்டார். அதை அளவியாக்கியவர்கள் 1938-இல் அமெரிக்காவில் தனித்தனியே உழைத்த சிம்மன்ஸும் ரூஜும். மாற்றம் மிகச் சிறியது என்பதால், அதைப் பிடிக்கப் பள்ளியில் நாம் படித்த வீட்ஸ்டோன் சமனச்சுற்றுதான் உதவுகிறது. காலின் விசையில் கிராங்கைச் சுழற்றும் பகுதியை மட்டும் எடுத்து, கிராங்கின் நீளத்தால் பெருக்கினால் திருப்பு விசை. அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட்.

170 மி.மீ. கிராங்கில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்து 200 வாட் எடுக்க, சராசரியாக 13 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 60 சுற்றாகக் குறைத்தால் அதே 200 வாட்டுக்கு 19 கிலோ. எதிர்காற்றில் கனமான கியரைப் பிடித்துக்கொண்டு முக்குபவரின் முழங்காலுக்கு ஏன் வலி வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் பார்த்ததில்லை.

இடது பெடலில் மட்டும் அளக்கும் மலிவான வகையும் உண்டு. அது இடது காலின் அளவை இரண்டால் பெருக்கிச் சொல்கிறது. இரு கால்களும் சமமாக மிதிக்காதவருக்கு அந்த எண் பிழையானது.

வாங்கியவர்கள் சில விஷயங்களைக் கவனியுங்கள். கிராங்கின் நீளத்தைச் சரியாகப் பதியுங்கள். 170-க்குப் பதில் 172.5 என்று கொடுத்தால் அளவு ஒன்றரை சதவீதம் தப்பும். வெப்பத்தில் உலோகம் விரியும் என்பதால், வீட்டிலிருந்து வெளியே எடுத்துச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, பெடலில் காலை வைக்காமல் பூஜ்யத்தைச் சரிசெய்த பிறகே ஏறுங்கள். குளச்சல் போன்ற உப்புக்காற்று ஊரில் பேட்டரி மூடியையும் மின்தொடுப்புகளையும் அடிக்கடி துடைத்து உலரவையுங்கள்.

பந்தயத்துக்கோ நெடும்பயணத்துக்கோ முறையாகப் பயிற்சி எடுப்பவருக்கு இந்தப் பெடல் தகும். உடல்நலத்துக்காகக் காலையில் முட்டம் வரை போய்வருபவருக்கு இது வேண்டாம். அந்தப் பணத்தில் நல்லதொரு சைக்கிளே வாங்கலாம்.