உழைச்செல்வான் யார்?

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் திருவள்ளுவர், வைத்தியத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் பக்கத்தேயிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அவை. இந்த நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்'. வடமொழிச் சரக சங்கிதையும் இவ்வாறே நான்கு கூறி, பணிவிடை செய்பவனை அவற்றுள் ஒருவனாக வைக்கிறது. வைத்தியனுக்குச் சரியாசனத்தில் பணிவிடைக்காரனை இருத்திய அந்தப் பழைய அறிவு வியத்தற்குரியது. பரிமேலழகர் இன்னும் ஒருபடி மேலே போய், அவனுக்கு வேண்டிய தகுதிகளையும் எண்ணித் தருகிறார். நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் செய்து முடிக்கும் வல்லமை, அறிவு ஆகியவை அவை. மகனாய் இருத்தல் வேண்டும், மருமகளாய் இருத்தல் வேண்டும் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை.

இக்குறளைப் படிப்பிக்கும்போதெல்லாம், உழைச்செல்வான் யார் என்று மாணவரைக் கேட்பது என் வழக்கமாயிருந்தது. தாதி என்பர் சிலர். அம்மா என்பர் பலர். நண்பன் என்று ஒருவராவது சொன்னதில்லை. பதினைந்து வயதில் அப்படித் தோன்ற நியாயமும் இல்லை. ஆயினும் யாழ்ப்பாணத்திலே இன்று பல வீடுகளில் அதுவே விடையாயிருக்கிறது. அதைப்பற்றி எவரும் எழுதக் காணோம். ஆதலால் நான் எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதை எட்டியவர்கள். அதன் பின்னர் அந்த விகிதம் ஏறியே வந்துள்ளது. எமது பகுதியிலோ இந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. 1983க்குப் பின் புறப்பட்ட பிள்ளைகள் அங்கங்கே வேரூன்றிவிட்டார்கள். கோடைகாலத்தில் ரொறன்ரோவில் இரவு எட்டரை மணியானால் இங்கே காலை ஆறு மணி. அந்நேரத்துக்குத் தொலைபேசி ஒலிக்காத வீடு எங்கள் ஒழுங்கையில் குறைவு. பணம் வருகிறது, குரல் வருகிறது, முகமுங்கூடக் கண்ணாடித் திரையில் வருகிறது. கை மட்டும் வருவதில்லை. பிள்ளைகளைக் குறைசொல்லும் நோக்கம் எனக்குக் கிடையாது. போகச் சொன்னவர்களும் நாங்களே, காணியை ஈடுவைத்து அனுப்பியவர்களும் நாங்களே.

எங்கள் கூட்டில் மூவர். நானும் கணித ஆசிரியர் ஒருவரும் ஆசிரிய கலாசாலையில் ஒரே அறையில் இருந்தவர்கள். மூன்றாமவர் தபாலதிபராயிருந்தவர், வாசிகசாலைக்குப் பத்திரிகை படிக்க வந்து, கம்பனைப்பற்றி எங்களோடு வாதாடத் தொடங்கி, அப்படியே தங்கிவிட்டவர். நாற்பது வருடம் நாங்கள் செய்ததெல்லாம் பேச்சுத்தான்.

2016இல் என் தகப்பனார் பாரிசவாதத்தில் விழுந்தார். வயது எண்பத்தெட்டு, வலது பக்கம் முழுவதும் செயலற்றுப் போயிற்று. என் மனைவிக்கு முழங்கால் வருத்தம். தூக்கிப் பறிக்க இயலாது. இயன்றிருந்தாலும் மருமகள் கையால் குளிக்க அவர் உடன்பட்டிருக்க மாட்டார். வேடிக்கை என்னவெனில், மகனாகிய என் கையாலும் உடன்படவில்லை. பிள்ளைகள் முன்னே சட்டையின்றி உலாவாத தலைமுறை அது. நான் துவாயை எடுத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தபாலதிபர் வந்தார், கிணற்றடியில் கதிரையைப் போட்டார், கேள்வி முறையின்றி வாளியை எடுத்தார்.

"ஐயா, சாரம் நழுவுது. பிடிச்சுக்கொள்ளுங்கோ."

"பிடிக்கிற கை செத்துப்போச்சு, தம்பி. நீ பிடி."

ஆடை நழுவியவனுக்கு அவன் கையே விரைந்து உதவுவதைப் போன்றது நட்பு என்பது வள்ளுவர் உவமை. அதில் உவமானம் எது, உவமேயம் எது என்று கரும்பலகையில் பிரித்துக் காட்டுவது எளிது. அன்று கிணற்றடியில் அவை பிரியவில்லை.

நோயாளியைப் பார்ப்பது என்பதற்கு எங்கள் ஊரில் ஒரே பொருள்தான் உண்டு: தோடம்பழமும் பால்மாப் பெட்டியும் வாங்கிக்கொண்டு போய், கால்மணி நேரம் இருந்து, "ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ" என்று கூறி எழும்பி வருவது. அன்பான வார்த்தைதான். ஆனால் கேட்கும் பாரத்தையும் அது நோயாளி வீட்டின் தலையிலேயே ஏற்றிவிடுகிறது. கணித ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை. சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றில் கிழமை நாட்களை வரிசையாக எழுதி, நிரல் கீறி, மூவர் பெயரையும் நிரப்பிக்கொண்டு வந்து தந்தார். செவ்வாய், வெள்ளி இரவு தபாலதிபர், திங்கள், புதன் தாம், மீதி நான். படுக்கையிலேயே கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும்; இல்லையேல் இடுப்பிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. ஒருவனால் இதனை ஒரு கிழமை செய்யலாம். ஒரு மாதம் செய்தால் அவனும் நோயாளியாவான். பாரிசவாதக்காரருக்குத் தண்ணீரே ஆபத்து என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். மெல்லிய நீர் தொண்டை பிழைத்து மூச்சுக்குழலில் இறங்கும். கஞ்சியைத் தடிப்பாக்கி, நிமிர்த்தி இருத்தி, கரண்டி கரண்டியாகக் கொடுக்கவேண்டும். இவையெல்லாம் அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதப்பட்டன. எவராவது முறைக்குப் பிந்தினால், வரவுப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நிற்கும் அதிபரைப்போலக் கணித ஆசிரியர் காரணம் கேட்பார். தகப்பனார் இரண்டு வருடம் இருந்தார். போகும்போது உடம்பில் ஒரு புண் இல்லை.

அடுத்த முறை கணித ஆசிரியருடையது. அவருடைய தாயாருக்குத் தொண்ணூறு வயது. 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று எங்கள் ஊர் இதனை ஒரு தொடரில் முடித்துவிடும். ஆனால் இது முதுமையின் இயல்பு அன்று, நோய். 1901இல் ஜேர்மனியிலே, பிராங்போட் நகர வைத்தியசாலையில் இந்நோயோடு சேர்க்கப்பட்ட பெண்ணுக்கு வயது 51 தான். அவள் இறந்தபின் மூளையை ஆராய்ந்த அலோய்ஸ் அல்ஸைமர் என்னும் வைத்தியர் 1906இல் தாம் கண்டவற்றை வெளியிட்டார். 1910இல் கிரெப்பலின் தமது நூலிலே அந்நோய்க்கு அவர் பெயரையே இட்டார். நோயின் பெயர் தெரிந்ததனால் மகனுடைய துயரம் குறைந்துவிடவில்லை. "தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?" என்று தாய் கேட்பார். "அம்மா, நான் உங்கடை மூத்தவனெல்லோ" என்று அவர் ஒவ்வொரு முறையும் திருத்துவார். ஐம்பது வருடம் பிழை திருத்தியவர்; வேறென்ன செய்வார்? தாய்க்குக் கோபம் வரும். மகனுக்குக் கண்ணீர் வரும்.

என்னைக் கண்டால் அந்த அம்மா 'அண்ணை' என்பார். மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போய் அங்கேயே மறைந்த தமையனாக என்னைக் கொண்டார்.

"அண்ணை, கப்பல் எப்ப வந்தது?"

"நேற்றுத்தான், தங்கச்சி."

அவ்வளவில் அமைதியாகிவிடுவார். இதைப் பொய் என்று கொள்வோர் கொள்க. மகனால் இப்பதிலைச் சொல்ல முடியாது; தன்னை மறந்துவிட்ட தாயிடம் வேறொருவனாக நடிக்க எந்த மகனுக்கு மனம் வரும்? நண்பனுக்கு அந்த உரிமைக் கவலை இல்லை. எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அவன் எழுந்து போகலாம். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு விழுந்து, எங்கள் மாவட்டம் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது கொப்பி பயனற்றுப் போயிற்று. பொழுது சாயும் வேளையில்தான் அந்த அம்மாவுக்குக் கலக்கம் அதிகம். ஆகையால் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு நான் தொலைபேசியில் மலாயாவிலிருந்து பேசினேன்.

தபாலதிபரின் காரியம் வேறு. 2022இல் அவர் கன்னத்தின் உட்புறத்தே ஆறாத புண் ஒன்று கண்டது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் ஒரு நாளும் தவறாதவர். இலங்கை ஆண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களுள் முன்னிற்பது வாய்ப்புற்றே. புகையிலையின்றிப் பாக்கே அதற்குப் போதும் என்பதையும் ஆராய்ச்சியாளர் நிறுவியுள்ளனர். தெல்லிப்பழையில் கதிர்ச்சிகிச்சை: கிழமைக்கு ஐந்து நாளாக ஏழு கிழமை. இடையில் நாள் விடலாகாது. அதுவோ பெற்றோல் அகப்படாத வருடம். சில நாள் புகைவண்டி, சில நாள் நெரிசல் பேருந்து, ஒருநாள் மீன் லொறி. அந்தப் புற்றுநோய் வைத்தியசாலையின் வரலாறு சொல்லத்தக்கது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய நிதியால் எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது அது. தாம் அறியாதவருக்காக நாடு முழுவதும் நடந்த அவர்களைத் தபாலதிபர் அடிக்கடி நினைப்பார். நாங்கள் பஸ் தரிப்பிடம்வரை நடப்பதற்கே முறையிடுகிறோம் என்பார்.

கனடாவிலுள்ள ஒரே மகளுக்குச் செய்தி போகலாகாது என்பது அவருடைய கட்டளை. அங்கே அவளுக்கு இரண்டு வேலை, மூன்று சிறு பிள்ளைகள்; கேட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருவாள் என்றார். நான் ஒப்புக்கொண்டேன். கணித ஆசிரியர் ஒப்பவில்லை. "நானாகச் சொல்லமாட்டன். பிள்ளை கேட்டால் பொய் சொல்லவும் மாட்டன்" என்றார். தகப்பனின் பேச்சுக் குழறலைக் கேட்டு ஐயுற்ற மகள் அவரையே அழைத்துக் கேட்டாள். அவர் உள்ளதைச் சொன்னார். தபாலதிபருக்கு வந்த கோபம் சிறிதன்று. ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் கொப்பியில் கணித ஆசிரியரின் நாட்கள் மாறவில்லை. வந்தார்; வாய்கொப்பளிக்க உப்புநீர் கலந்து வைத்தார்; கஞ்சியை வடித்தார்; கட்டிலருகே கதிரையில் இருந்து பத்திரிகை படித்தார்; விடிந்ததும் போனார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பத்தாம் நாள், குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு சொல் அகப்படாமல் நோயாளியே வாய் திறக்கவேண்டியதாயிற்று. மகள் மார்கழியில் வந்து ஆறு கிழமை நின்றாள். அந்த ஆறு கிழமையும் அவர் முகத்திலிருந்ததை நான் கண்டேன். சொல்லலாகாது என்று நான் கொடுத்த வாக்கும் நட்பே, அவர் கொடுக்க மறுத்த வாக்கும் நட்பே என்றுதான் இன்றும் எண்ணுகிறேன். எது பெரிதென்று எங்கள் பழைய வாசிகசாலை வாதத்தைப்போல முடிவின்றி வாதாடலாம்.

அந்நாட்களில் ஒரு வைத்தியசாலையில், பெயர் ஈண்டு வேண்டாம், படிவம் நிரப்பிய தாதி என்னைக் கேட்டாள்: "நீங்கள் இவருக்கு என்ன முறை, ஐயா?" நண்பன் என்றேன். "சொந்தக்காரர் ஒருத்தரும் வரேல்லையோ?" அவளைக் குறைசொல்வதற்கில்லை, படிவத்தில் உள்ள கட்டம் அது. 'சகோதரன்' என்று அவளே எழுதிக்கொண்டாள். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி 1850இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தொடங்கப்பட்டபோது அதனை நடத்திய சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் பொருள், ஆபத்தில் உதவும் நண்பர் என்பதே. பெயரில் இருந்த நண்பனுக்குப் படிவத்தில் இடமில்லாமற்போன விந்தையை என்னென்பது! 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடலாகாது என்கிறது. பராமரிப்புக் கேட்டுச் சபையிடம் முறையிடவும் வழி செய்கிறது. நல்ல சட்டம். அதிலும் நண்பனுக்கு வேலை இல்லை.

இலக்கியத்தில் இடமுண்டே என்பர் அன்பர். உண்டு. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தேடி முன்பின் காணாத பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்தார்; உடன் உயிர் நீத்தார். போற்றத்தக்கதே. ஆயினும் உடன் இறந்த நட்பைப் பாடிய அளவுக்கு, இரவு இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிவிட்ட நட்பை நாம் பாடவில்லை. அரசனுக்கு ஒரு பிசிராந்தையார் போதும். பாரிசவாதக்காரருக்கு மூவர் வேண்டும்.

தபாலதிபர் 2023இல் காலமானார். மரண அறிவித்தலில் அன்புத் தந்தை, பாசமிகு பேரன், அன்னாரின் மைத்துனர், சகலன் என்று கனடா, லண்டன், பாரிஸ் எல்லாம் வரிசையாக வந்தன. ஐந்து வருடமாக அவரைக் காணாதவர்களும் அதிலே இருந்தனர். நாங்கள் 'நண்பர்கள்' என்ற பன்மைக்குள் கடைசி வரியில் அடங்கினோம். கொள்ளி வைக்கவும் பந்தம் பிடிக்கவும் உரிமைக்காரர் வந்திருந்தார்கள். நாங்கள் பந்தலின் வெளிப்புறத்தே கதிரை ஒழுங்கு பண்ணினோம். மகள் மட்டும் எட்டுச் செலவு முடிந்தபின் வந்து அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஊர்தோறும் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. கூட்டமும் சுற்றுலாவும் நடத்துகின்றன. அவை இப்படி ஒரு கொப்பியையும் வைத்திருக்கலாம்: யார் எந்த இரவு வரக்கூடும், யாருக்குத் தூக்க இயலும், யாருக்கு வாசித்துக் காட்ட இயலும் என்று. வைத்தியசாலைப் படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்ப்பதற்கும் பெரிய செலவில்லை.

கணித ஆசிரியருக்கு இரு கண்ணிலும் புரை. வருகிற மாதம் சத்திரசிகிச்சை. துளி மருந்து நாலு வேளை விடவேண்டுமாம். புதுக் கொப்பி வாங்கி நிரல் கீறியிருக்கிறார். கோடுகள் கோணல். பெயர் எழுத வேண்டிய இடமெல்லாம் என் பெயர் ஒன்றே இருப்பதைப் பார்த்துவிட்டு, அவருடைய பழைய மாணவன் ஒருவன், பக்கத்து ஒழுங்கையில் தச்சுவேலை செய்பவன், வியாழக்கிழமைகளைத் தனக்குத் தருமாறு கேட்டிருக்கிறான்.