பனி உருகும் மாதத்தில் ஒரு படகுப் போட்டி

ஏப்ரல் பாதி கடந்தும் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில் குளிர் விடுவதில்லை. ஆனாலும் பேங்கர் நகர மக்கள் கம்பளிச் சட்டையோடு கெண்டஸ்கீக் ஓடைக்கரையில் கூடிவிடுகிறார்கள். 1967-இல் தொடங்கிய கேனோ படகுப் போட்டி அவர்களை அங்கே இழுத்துவருகிறது.

கெண்டஸ்கீக் சிறிய ஓடை. கோடையில் நீர் மெலிந்து பாறைகள் தலைகாட்டும். உருகிய பனியும் வசந்த மழையும் சேர்ந்து ஓடும் சில வாரங்களில்தான் அதற்கு ஆற்றின் வேகம் வரும். அதனால்தான் ஏப்ரலின் மூன்றாவது சனிக்கிழமை போட்டிக்குரிய நாளாகிவிட்டது.

கெண்டஸ்கீக் என்ற சிற்றூரில் புறப்பட்டு பேங்கரின் மையப்பகுதியில் முடியும் பாதையின் நீளம் 16.5 மைல், ஏறக்குறைய 26.5 கிலோமீட்டர். முதல் 10 மைல் அமைதியான நீர். அங்கே தோள்வலுவுக்கு வேலை. அடுத்து வருகிறது ‘சிக்ஸ் மைல் ஃபால்ஸ்’. பாறைப் படிகளில் நீர் சீறி இறங்கும் இடம் அது. படகுகள் கவிழ்வதைப் பார்க்கவே அங்கே காத்திருப்பவர்களுக்கு ‘ஆற்றுக் கழுகுகள்’ என்று பட்டப்பெயர் உண்டு!

இங்கிருந்து கண்ணுக்குத்தான் வேலை அதிகம். நீர்ப்பரப்பில் தெரியும் ‘வி’ வடிவத்தின் கூர்முனை ஓட்டத்தின் திசையைக் காட்டினால், அங்கே படகு நுழைய வழி இருக்கிறது. கூர்முனை எதிர்த்திசையில் இருந்தால், அடியில் பாறை. முன்னால் இருப்பவர் இதைக் கவனித்துக் குரல்கொடுக்க, பின்னால் இருப்பவர் நொடியில் படகைத் திருப்ப வேண்டும்.

கவிழ்ந்துவிட்டால்? எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறையிடுக்கில் கால் சிக்கினால், வேகநீர் ஆளையே அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். நீர் நிரம்பிய படகு பல நூறு கிலோ எடையோடு வந்து மோதும் என்பதால், ஓட்டத்தில் அதற்கு முன்னால் மாட்டிக்கொள்ளாமல், நீர் வரும் பக்கமாக விலக வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து குளிர். பனிநீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம் வரை, உடல்வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் என்று பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். ஆகவே, நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இங்கே லைஃப் ஜாக்கெட் அவசியம்.

படகு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பிர்ச் மரப்பட்டையில் இலகுவான கேனோக்களைக் கட்டிய பெனோப்ஸ்காட் பழங்குடியினரின் பூமி இது. பேங்கருக்கு வடக்கே, ஓல்ட் டவுன் என்ற ஊரின் பெயரையே தாங்கிய நிறுவனம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கேனோக்களைத் தயாரிக்கிறது.

தேர்ந்த வீரர்கள் இரண்டரை மணி நேரத்துக்குள் பந்தயத்தை முடித்துவிடுவார்கள். வேடமணிந்து வரும் நண்பர்களும், முதன்முறை துடுப்பு பிடிப்பவர்களும் அதே பாதையில் நனைந்து, கவிழ்ந்து, படகில் புகுந்த நீரை இறைத்துக் கொட்டிவிட்டு மறுபடியும் ஏறிக்கொள்கிறார்கள். அவர்கள் பேங்கர் வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை கரையில் நிற்பவர்கள் கைதட்டுவதை நிறுத்துவதில்லை.