இரத்ததானம்: மார்க்க விளக்கமும் முன்னாயத்தமும்

 

பள்ளிவாசல்களில் இரத்ததான முகாம் பற்றி அறிவிக்கப்படும் போதெல்லாம் சில கேள்விகள் எழுவதுண்டு. உடலிலிருந்து வெளியேறும் இரத்தம் நஜீஸ் அல்லவா? அதனை இன்னொருவருக்கு ஏற்றலாமா? உயிராபத்தை நீக்க வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்ற அடிப்படையில், சமகால மார்க்க அறிஞர்களில் மிகப் பெரும்பாலானோர் இதனை ஆகுமாக்கியுள்ளனர். அல்மாஇதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தையும் அவர்கள் ஆதாரமாகக் காட்டுவர். ஆனால் விற்பது கூடாது. இரத்தத்தின் கிரயத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நமது நாட்டின் இரத்த மாற்றுச் சேவையும் 2014 முதல் ஊதியம் பெறாத கொடையாளர்களையே முற்றாகச் சார்ந்திருக்கின்றது.

கணவனின் இரத்தம் மனைவிக்கு ஏற்றப்பட்டால் நிகாஹ் பாதிக்கப்படுமா எனச் சிலர் அஞ்சுகின்றனர். பாதிக்கப்படாது. பால்குடி உறவு குழந்தைப் பருவத்துப் பாலூட்டலால் மட்டுமே உண்டாகும். இரத்தத்தால் எவரும் மஹ்ரமாவதில்லை. எனினும், பிள்ளைப்பேற்று வயதிலுள்ள மனைவிக்குக் கணவனின் இரத்தத்தை ஏற்றுவதை மருத்துவர்கள் வேறொரு காரணத்தால் தவிர்க்கின்றனர். அவளது உடலில் உருவாகக்கூடிய பிறபொருளெதிரிகள் பின்னர் அவள் சுமக்கும் கருவைத் தாக்க இடமுண்டு. "சொந்த இரத்தமே சிறந்தது" என்ற நம் ஊர்ப் பேச்சு மருத்துவத்தில் எப்போதும் செல்லுபடியாவதில்லை.

கொடுக்கும் அளவு சுமார் 450 மில்லிலீற்றர். வளர்ந்தவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் ஓடுகின்றது. இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாட்களில் நிரம்பிவிடும். செங்குருதிக் கலங்கள் நிரம்பச் சில வாரங்கள் செல்லும். இதனாலேயே இலங்கையில் ஒருமுறை கொடுத்தவர் மறுமுறை கொடுக்க நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும். பதினெட்டு வயதைக் கடந்த, 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, ஆரோக்கியமானவர்கள் முன்வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் விலகியிருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டையை மறவாதீர்கள்.

முந்திய இரவு நன்கு உறங்குங்கள். வெறும் வயிற்றோடு செல்லாதீர்கள். கொழுப்பு மிகுந்த உணவையும் தவிருங்கள், ஏனெனில் அது குருதியின் நீர்ப்பகுதியைக் கலங்கச் செய்யும். புரியாணியை முகாம் முடிந்த பின் வைத்துக்கொள்ளலாம்! ஜும்ஆவை அடுத்து முகாம் நடத்துவோர் இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பகலுணவின்றி நேராகக் கட்டிலில் சாய்பவரே பெரும்பாலும் மயங்குகின்றார். நீராகாரமும் சிற்றுணவும் முன்னரே தயாராக இருக்கட்டும். பெண்களுக்குத் தனி மறைப்பும், இயன்றால் பெண் ஊழியரும் வேண்டுமென முன்கூட்டியே இரத்த வங்கியிடம் கேளுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, மருத்துவரின் கேள்விகளுக்கு உண்மையே கூறுவது. எடுக்கப்படும் இரத்தம் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கப்படுகின்றது என்பது உண்மையே. ஆயினும் கிருமி தொற்றிய ஆரம்ப நாட்களில் எந்தப் பரிசோதனையும் அதனைக் காட்டாதிருக்கலாம். அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது கொடையாளரின் வாய்மை ஒன்றே. அண்மைய காய்ச்சல், உட்கொள்ளும் மருந்து, வெளிநாட்டுப் பயணம், ஹிஜாமா, ஒழுக்கப் பிறழ்வு எதுவாயினும் மறைப்பது அமானிதத்துக்கு மாறு செய்வதாகும். நண்பர்கள் பார்க்கின்றார்களே என்ற வெட்கத்தால் கட்டிலில் படுப்பவர், மறுநாள் அந்த இரத்தம் ஏற்றப்படப்போகும் தலசீமியாக் குழந்தையை நினைத்துப் பார்க்கட்டும். அக்குழந்தைகளுக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கொரு முறை இரத்தம் தேவை. நிராகரிக்கப்படுவது இழிவன்று. "ஏன் திருப்பி அனுப்பினார்கள்?" என்று எவரிடமும் வினவாதிருப்பது மஹல்லாவாசிகளின் கடமை.

கொடுத்தபின் பத்துப் பதினைந்து நிமிடங்களாவது அமர்ந்திருங்கள். அன்று பாரம் தூக்காதீர்கள். ஷாபிஈ மத்ஹபின்படி இரத்தம் எடுப்பதால் வுழூ முறிவதில்லை. ஆடையில் பட்டிருந்தால் கழுவிவிட்டுத் தொழ வேண்டும். பின்வரும் வாரங்களில் ஈரல், பருப்பு, கீரை வகைகளை உண்ணுங்கள். சாப்பிட்ட உடனே தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

நோன்பில் கொடுக்கலாமா? ஷாபிஈ மத்ஹபில் இரத்தம் குத்தி எடுப்பதால் நோன்பு முறியாது. ஹன்பலி மத்ஹபில் முறியும். கருத்து வேறுபாடு ஒருபுறமிருக்க, பசித்த வயிற்றோடு கொடுப்பதை மருத்துவம் விரும்புவதில்லை. எனவே ரமழானில் நம்மவரின் கொடை குறைந்துவிடுகின்றது. செங்குருதிக் கலங்களை 35 முதல் 42 நாட்கள் வரை பேணலாம். குருதிச் சிறுதட்டுக்களோ ஐந்து நாட்களே தாங்கும். ஆகவே, வருடத்துக்கொரு முறை பெரிய பதாகை கட்டி நடத்தும் ஒரே முகாமை விட, மஹல்லா வாலிபர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் ஷஃபான் இறுதியிலும், மறுபிரிவினர் ரமழான் நடுவில் தராவீஹுக்குப் பின்னரும் கொடுக்க ஏற்பாடு செய்வதே பயனுள்ளது. பள்ளிவாசல் நிருவாகத்தினர் ரஜப் மாதத்திலேயே அருகிலுள்ள ஆஸ்பத்திரி இரத்த வங்கியோடு பேசித் திகதிகளை ஒதுக்கிக்கொள்ளலாம்.