மடிநோய்க்குக் கற்றாழை: கைப்பிடிக் கணக்கு கிராம் ஆன கதை

பால் கறக்க உட்காரும்போது மடி சூடாக இருக்கிறதா? ஒரு காம்பு மட்டும் கல் போலக் கெட்டியாக இருக்கிறதா? முதல் பீச்சில் பால் திரி திரியாக வருகிறதா? மடிநோய் வந்துவிட்டது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலானோர் அடுத்துத் தேடுவது ஊசி போடுகிறவரைத்தான். ஊசிச் செலவு, காம்புக்குள் ஏற்றும் மருந்தின் செலவு, வந்து போகும் செலவு, அத்தனை நாளும் சங்கத்தில் பால் ஊற்ற முடியாத நஷ்டம். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு காம்பு அடைத்துக்கொண்டால், மூன்று காம்பு மாட்டுக்குச் சந்தையில் என்ன விலை கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நோயைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் வீட்டிலேயே செய்யக்கூடிய மருந்து ஒன்று இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழை மடலின் ஓரத்து முள்ளைச் சீவிவிட்டு, தோலோடு துண்டு போட்டு, மற்ற இரண்டையும் சேர்த்து அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்தால் செந்நிற விழுது கிடைக்கும். நோயுற்ற காம்பில் இருப்பதை முழுவதும் கறந்து அப்புறப்படுத்திவிட்டு, மடியைக் கழுவுங்கள். விழுதில் ஒரு கை அள்ளி, 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடி முழுவதும் படும்படி தடவுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். கூடவே தினம் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி மூன்று நாள் தின்னக் கொடுக்கலாம். பாலில் ரத்தம் கலந்து வந்தால், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடியை வெல்லத்தோடு அரைத்து, நிற்கும் வரை இரு வேளை வாய்வழியாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இதில் சுண்ணாம்பு அளவில் மட்டும் கை தாராளம் வேண்டாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். அளவு கூடினால் காம்பின் தோல் வெந்துவிடும். விழுதை அன்றன்று அரைத்து, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

சரக்கு மூன்றும் ஊரில் இருந்து வந்தவை. சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. கால்நடைக்கென்றே மாட்டு வாகடம் என்று ஏடு எழுதி வைத்தவர்கள் நாம். ஆனால் '250, 50, 15' என்ற கணக்கும், 'பத்து முறை, ஐந்து நாள்' என்ற முறையும் சும்மா வந்துவிடவில்லை. தஞ்சாவூரை அடுத்த பிள்ளையார்பட்டியில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையத்தில் பேராசிரியர் ந.புண்ணியமூர்த்தி பல ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார். பெங்களூருவில் உள்ள டிரான்ஸ்-டிசிப்ளினரி பல்கலைக்கழகம் சேர்ந்துகொண்டது. பிறகு தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் இந்த மருந்துகளைப் பல மாநிலப் பால் ஒன்றியங்களுக்குக் கொண்டுபோனது. கோமாரிக்கும், பின்னாளில் வந்த லம்பி என்னும் தோல் கழலை நோய்க்கும் பரப்பப்பட்ட வெற்றிலை, மிளகு, வெல்ல மருந்துகள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

ஊர் வழக்கத்தை ஆய்வுக்கு எடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் சொன்னார் என்பதற்காக எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஒருவரை ஒருவர் அறியாத பல ஊர்க்காரர்கள் ஒரே நோய்க்கு ஒரே சரக்கைச் சொல்கிறார்களா என்று பார்ப்பார்கள். பிறகு நாட்டு வைத்தியர், சித்த, ஆயுர்வேத மருத்துவர், கால்நடை மருத்துவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பிரிப்பார்கள். எதை உடனே பரப்பலாம், எதற்கு இன்னும் சோதனை வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்று மூன்று கூறு. கைவிட வேண்டியவையும் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டுக்குச் சூடு போடுவது பழைய வழக்கம்தான். அதனால் மாட்டுக்கு வலியும் புண்ணும்தான் மிச்சம். நாக்கை இழுத்துப் பிடித்து மூங்கில் குழாயில் மருந்து ஊற்றுவதும் பழசுதான். அதில் புரை ஏறி மருந்து நுரையீரலுக்குள் போனால், நோயோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் இப்போது வாய்வழி மருந்துகளை வெல்லத்தோடு உருட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் தடவச் சொல்கிறார்கள். பழமை என்பதற்காகவே எல்லாவற்றையும் கும்பிடுகிறவர்களுக்கும், பழமை என்பதற்காகவே ஒதுக்குகிறவர்களுக்கும் இந்த இடம் பிடிக்காது.

பால் விற்கிறவருக்கு இதில் நேரடிக் கணக்கும் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் மருந்து அனுமதித்த அளவைத் தாண்டி இருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தானே என்று தோன்றலாம். ஆனால் சங்கத்தில் ஒரு மாட்டுப் பால் தனியாக நிற்பதில்லை, எல்லாமே ஒரே தொட்டியில்தான் சேர்கிறது. மருந்து கலந்த பாலை உறை குத்தினால் தயிர் சரியாகத் தோயாது என்பதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். குடிக்கிறவரின் உடம்பில் கிருமிகளுக்கு அந்த மருந்து பழகிப்போவதோ கண்ணுக்குத் தெரியாது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைத் தீவனத்திலும் கால்நடைகளிலும் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை விதித்தது இந்த அச்சத்தால்தான். நெதர்லாந்து நாடு 2009-ஐ அடிப்படையாக வைத்து, கால்நடைகளுக்கான ஆன்டிபயாடிக் விற்பனையை 2013-க்குள் பாதியாக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, அதை எட்டியும் காட்டியது. அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களும் பால் பண்ணையாளர்களும் நம் மூலிகை முறையைப் பார்க்க இந்தியா வந்து போயிருக்கிறார்கள்.

அதே 2018 ஆய்வில் அஃப்ளாடாக்சின் என்னும் பூசண நஞ்சு 368 மாதிரிகளில் இருந்தது. ஆன்டிபயாடிக்கைவிட அதுதான் அதிகம். தமிழ்நாடும் அதில் முன்வரிசையில் இருந்தது. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைப் போட்டுக்கொண்டே கற்றாழை தடவினால் அந்த நஞ்சு போய்விடாது. பிண்ணாக்கு மூட்டையை ஈரம் படாமல் வையுங்கள்.

பத்து முறை யார் தடவுவது?

மருந்து நல்லதுதான், எங்களுக்குக் கேட்கவில்லையே என்று சொல்கிறவர்கள் பலர். அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை முறை தடவினீர்கள், யார் தடவியது?

ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள் என்றால் மொத்தம் ஐம்பது முறை. பயிற்சிக்கு வருவது பெரும்பாலும் வீட்டு ஆண். காலை பதினொரு மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டால் வேறு யார் வருவார்கள்? பல வீடுகளில் மாட்டைக் கறப்பதும், சாணம் அள்ளுவதும், மடியைத் தொட்டுப் பார்ப்பதும் பெண்கள். அந்த நேரத்தில் அவர்கள் நூறு நாள் வேலையிலோ களையெடுப்பிலோ இருப்பார்கள். ஆண் கேட்டுவிட்டு வந்து, 'கற்றாழையும் மஞ்சளும் போட்டுத் தடவணுமாம்' என்பதோடு விட்டுவிடுகிறார். அளவும் முறையும் வழியிலேயே உதிர்ந்துபோகின்றன. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் என்று ஆகிறது. மூன்றாம் நாள் வீக்கம் வாடியதும் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் நோய் திரும்புகிறது. பழி கற்றாழை மேல் விழுகிறது.

இப்படிப்பட்டதைப் பார்க்கத்தான் மருந்து ஆய்வோடு சமூக ஆய்வும் சேர வேண்டும் என்கிறார்கள். அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் மெக்கார்க்கிள் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைக் கிராமங்களில் கால்நடை வளர்ப்போரோடு இருந்து ஆய்வு செய்தவர். மரபுசார் கால்நடை மருத்துவத்தைத் தனித் துறையாக வரையறுத்து 1986-ல் அவர் எழுதிய கட்டுரைதான் உலகம் முழுக்க இத்துறைக்குத் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. சரக்கின் பெயரோடு, கால்நடையை யார் பார்த்துக்கொள்கிறார், என்ன நம்புகிறார், எப்படிச் செய்கிறார் என்பதும் அந்தத் துறைக்குள் அடங்கும்.

எனவே விரிவாக்கப் பணியாளர்கள் பயிற்சி நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். பெண்கள் பாலைக் கொண்டுவந்து வரிசையில் நிற்கும் சங்கத்து வாசலிலேயே அரைத்துக் காட்டினால் கால் மணி நேரம் போதும். மாடு வைத்திருப்பவர்களும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர் அரைத்து வைத்துவிட்டால், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டு முறை, வீட்டில் இருக்கும் பெரியவருக்கு மூன்று முறை என்று பிரிந்துவிடும். கறப்பதற்கு முன் மடியைக் கழுவித் துடைக்க மறக்காதீர்கள். கறந்த பிறகு அரை மணி நேரமாவது காம்புத் துளை திறந்திருக்கும். அப்போது தரையில் படுத்தால் கிருமி உள்ளே போகும். கறந்ததும் தீவனம் வைத்து நிற்க வைத்துவிடுங்கள். கெட்ட பாலைத் தொழுவத்துத் தரையில் பீச்சினால் நோய் பக்கத்து மாட்டுக்கும் போகும். தனிப் பாத்திரத்தில் பிடித்து, தூரக் கொண்டுபோய்ப் புதையுங்கள்.

மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தாலும், தீவனம் எடுக்காமல் படுத்துவிட்டாலும், மடி நீலமாகவோ கறுப்பாகவோ மாறிச் சில்லிட்டாலும் காத்திருக்கக் கூடாது. உடனே 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஊசி தேவைப்படும் இடத்தில் ஊசிதான். போட்ட பிறகு, பால் ஊற்றாமல் இருக்க வேண்டிய நாள் கணக்கை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தராசோடு போங்கள்

ஊரில் இன்னும் எழுதப்படாத மருந்து எவ்வளவோ இருக்கிறது. அதைக் கேட்டு எழுதுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை வேண்டும். பெரியவர்கள் அளவு சொல்லும்போது 'சுண்டைக்காய் அளவு', 'நெல்லிக்காய் அளவு', 'கொட்டைப்பாக்கு அளவு' என்பார்கள். அப்படியே எழுதிக்கொண்டு, அவர் கையாலேயே எடுத்துக் காட்டச் சொல்லி, அங்கேயே ஒரு சிறு தராசில் நிறுத்துக் கிராமையும் எழுதுங்கள். செடியின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். சில ஊர்களில் நிலவேம்பையே சிறியாநங்கை என்பார்கள், வேறு சில ஊர்களில் அந்தப் பெயர் வேறொரு செடிக்கு. செடியைப் பார்த்து, பூவோடும் காயோடும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது கேட்டது என்பதோடு, எப்போது கேட்கவில்லை என்பதையும் கேளுங்கள். அந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கும்.

செடியே இல்லாமல் போகிற ஆபத்து வேறு. கோமாரிக் குளம்புப் புண்ணுக்கு எண்ணெய் காய்ச்ச குப்பைமேனி வேண்டும், குடற்புழு மருந்துக்குத் தும்பை வேண்டும். இரண்டும் வரப்பில் தானே முளைப்பவை. வரப்பு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று களைக்கொல்லி அடித்துவிட்டு, மாட்டுக்கு நோய் வந்ததும் தும்பைக்கு எங்கே போவது? ஒரு வரப்பையாவது அடிக்காமல் விட்டுவையுங்கள்.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதும் முக்கியம். புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995-ல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் சான்றாகக் காட்டி வழக்காடியது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. நம் பாட்டிகளுக்குத் தெரியும் என்று வாயால் சொல்வது அங்கே எடுபட்டிருக்காது, எழுத்தில் இருந்ததால் வென்றோம். 2002-ம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேடு இருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். இருந்தால், அதில் உங்கள் ஊரின் கால்நடை மருந்துகள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சொன்னவரின் சம்மதத்தோடு, அவர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.