அம்பத்தூர் ஏரி அலைக்கு எந்தப் படகு?

ரிமோட் படகு வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தைத்தான். மணிக்கு 50 கிலோமீட்டர், 60 கிலோமீட்டர், சிலவற்றில் 80. அந்த எண் பொய்யில்லை. அசையாமல் கிடக்கும் தண்ணீரில், புதிதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியுடன் படகு அந்த வேகத்தைத் தொடலாம். ஆனால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் அசையாமல் கிடப்பது காலை எட்டு மணி வரைதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு கிடைப்பதோ சாயங்காலம். அந்த நேரத்து ஏரிக்குப் பொருத்தமான படகு எது என்பதைப் பெட்டி சொல்லாது. கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரியில் அலை எவ்வளவு எழும் என்பதைத் தீர்மானிப்பவை காற்றின் வேகம், அது தடையில்லாமல் தண்ணீர் மேல் ஓடிவரும் தூரம், எவ்வளவு நேரம் வீசுகிறது என்பவை. முதல் இரண்டும் தெரிந்தால் போதும், கடலோரப் பொறியாளர்களின் எளிய சூத்திரம் ஒன்று அலையின் உயரத்தைத் தோராயமாகச் சொல்லிவிடும். அம்பத்தூர் ஏரியில் காற்று ஒரு கிலோமீட்டர் ஓடிவருகிறது, வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலையின் உயரம் சுமார் 10 சென்டிமீட்டர். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைவெளி சுமார் 2 மீட்டர். ஆவடி பருத்திப்பட்டு ஏரி சிறியது. அங்கே அரை கிலோமீட்டர் என்று எடுத்தால் உயரம் 7 சென்டிமீட்டருக்கு இறங்குகிறது, இடைவெளியும் ஒன்றேகால் மீட்டராகக் குறுகுகிறது. செம்பரம்பாக்கம் வேறு ஜாதி. நிரம்பிய நிலையில் 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவு. மூன்று கிலோமீட்டர் ஓடிவரும் காற்று மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டிய அலை எழும்.

பத்து சென்டிமீட்டர் என்றால் கரையில் நிற்பவருக்கு அது அலையாகவே தோன்றாது. படகின் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு வழி காட்டியவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, சிறிய படகின் நடத்தையிலிருந்து பெரிய கப்பலின் நடத்தையைக் கணிக்கும் விதியை நிலைநாட்டினார். படகின் நீளம் பத்து மடங்கானால் அலையின் உயரமும் பத்து மடங்காக வேண்டும். வேகம் மட்டும் பத்தின் வர்க்கமூலம், அதாவது ஏறக்குறைய 3.2 மடங்கு கூட வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள ரிமோட் படகு 10 சென்டிமீட்டர் அலையில் 54 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், பத்து மீட்டர் படகு ஒன்று ஒரு மீட்டர் அலையில் 170 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குச் சமம். உயிரோடு இருக்க ஆசைப்படும் எந்த ஓட்டுநரும் அதைச் செய்ய மாட்டார். நம் ஊர் ஏரியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாம் கேட்பது அதைத்தான்.

ஒற்றை உடலா, இரட்டை உடலா என்ற கேள்வியை இந்தப் பின்னணியில்தான் கேட்க வேண்டும்.

ஒற்றை உடல் படகின் அடிப்பகுதி 'வி' வடிவில் கூராக இறங்கும். அந்தச் சரிவு 20 பாகையைத் தாண்டினால் 'டீப் வி' என்பார்கள். அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹன்ட் வரைந்த அப்படியொரு படகு 1960இல் மயாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த கடல் பந்தயத்தில், கொந்தளிப்பான கடலில், மற்றவர்களை வெகு தூரம் பின்தள்ளி வென்றது. அதற்குப் பிறகு கடல் வேகப்படகுகளின் அடிப்பகுதியே மாறிப்போனது. அலை மேல் விழும்போது தட்டையான அடிப்பகுதி அறை வாங்குகிறது. கூரான அடிப்பகுதி தண்ணீரை இரு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு இறங்குகிறது. குறை ஒன்று உண்டு. கூரான அடியில் நிற்கும் படகு பக்கவாட்டில் ஆடும். ஒரே ப்ரொப்பெல்லர் சுழலும்போது அதன் எதிர்விசை படகை ஒரு பக்கமாகச் சாய்க்கும். வேகமாகத் திரும்பும்போது விளிம்பு அலையில் மாட்டினால் குப்புறக் கவிழும்.

இரட்டை உடல் படகில், அதாவது கேட்டமரானில், இரண்டு ஒல்லியான உடல்கள் இரு ஓரத்தில் நிற்கின்றன, நடுவில் டன்னல் என்கிற சுரங்கம் போன்ற இடைவெளி. அகலமாகக் கால் பரப்பி நிற்பதால் ஆட்டம் குறைவு, திரும்புவதும் எளிது. எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு ப்ரொப்பெல்லர் வைத்தால் சாய்க்கும் விசையும் ஒன்றையொன்று தின்றுவிடும். இந்த வடிவம் வேகத்துக்கு ஏற்றது என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1876இல் நத்தேனியல் ஹெர்ஷாஃப் தன் இரட்டை உடல் பாய்மரப் படகுடன் நியூயார்க் பந்தயத்துக்கு வந்து மற்ற படகுகளைத் திணற அடித்தார். பரிசுக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது ஆட்சேபணையும் தடையும்தான். 2018 நவம்பரில் அமராவதியில், கிருஷ்ணா நதியில் நடந்த ஃபார்முலா ஒன் படகுப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு டன்னல் படகு எப்படி ஓடும் என்று தெரிந்திருக்கும்: தண்ணீரில் பாதி, காற்றில் பாதி.

அந்தக் 'காற்றில் பாதி'தான் கேட்டமரானின் பலம். கொந்தளிப்பில் அதன் ஆபத்தும் அதுவே.

இதற்கும் கணக்கு உண்டு. எண்பது சென்டிமீட்டர் நீளம், பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள டன்னல். படகின் எடை இரண்டரைக் கிலோ. காற்றே இல்லாத நேரத்தில் 54 கிலோமீட்டர் வேகத்தில் போனால், டன்னலுக்குள் அடைபடும் காற்று அதிகபட்சமாக 1.3 கிலோ எடையைத் தூக்கும். படகின் பாதி எடையைக் காற்றே சுமப்பதால் உராய்வு குறைந்து வேகம் கூடுகிறது. இப்போது 22 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசட்டும். படகு உணரும் காற்று 76 கிலோமீட்டர். தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அது 2.6 கிலோவைத் தொடுகிறது. படகின் எடையே இரண்டரைதான்! அந்த நொடியில் ஒரு அலை மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், படகு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஃபைபர் படகு எம்மாத்திரம்?

திரும்பி வரும் பயணத்தில் கதை தலைகீழ். காற்று முதுகில் வீசும்போது படகு உணர்வது 32 கிலோமீட்டர்தான். தூக்கும் விசை அரைக் கிலோவுக்கும் கீழே. படகு கனத்துப்போய்த் தண்ணீரில் உட்காரும், முன்னே போகும் அலையின் முதுகில் மூக்கைக் குத்தும். ஒரே படகு, ஒரே ஏரி, ஒரே பேட்டரி. போகும்போது பறக்கப் பார்க்கிறது, வரும்போது முழுகப் பார்க்கிறது. இதைச் சமாளிக்கப் பழகியவர்கள் எதிர்க்காற்றில் விசையைக் குறைப்பார்கள், பேட்டரியை ஓரிரு சென்டிமீட்டர் முன்னே தள்ளி வைப்பார்கள். கேட்டமரானின் எடை மையம் பின்பலகையிலிருந்து மொத்த நீளத்தில் சுமார் 30 சதவீதத்தில் இருப்பது வழக்கம். கொந்தளிப்பில் அது கொஞ்சம் முன்னே வந்தால் நல்லது. பேட்டரியை ஒட்ட வைக்கும் பட்டை நீளமாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். நகர்த்த இடமில்லாத படகு ஒரு வானிலைக்கு மட்டுமே உதவும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது டன்னலின் உயரம். எண்பது சென்டிமீட்டர் படகில் தண்ணீர் மட்டத்துக்கும் டன்னல் கூரைக்கும் நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் பெரிது. அலை பத்து சென்டிமீட்டர் என்றால் முகடு நேராகக் கூரையில் அறையும். 36 கிலோமீட்டர் வேகத்தில் அலைக்கு எதிரே போகும் படகு, வரும் அலையின் வேகத்தையும் சேர்த்தால், நொடிக்கு ஆறு அலைகளைச் சந்திக்கிறது. ஆறு அறை! மலிவான பிளாஸ்டிக் உடலில் விரிசல் விழுவது பெரும்பாலும் டன்னல் கூரையும் பக்க உடலும் சேரும் மூலையில்தான். கண்ணாடி இழை உடல் இதைத் தாங்கும். விரிசல் விட்டாலும் ரெசினும் துணியும் வைத்து நாமே ஒட்டிவிடலாம். இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்தில் இருப்பது. வளைந்த ஷாஃப்டுக்கு மாற்று கடைந்துகொடுக்க லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பட்டறைக்காரர்கள் சின்ன வேலைக்கு நேரம் ஒதுக்குவார்களா என்பது வேறு விஷயம்.

பக்க உடலின் வடிவத்தையும் கவிழ்த்துப் பாருங்கள். டன்னல் பக்கச் சுவர் செங்குத்தாகவும், வெளிப்பக்கம் 'வி' போலச் சரிந்தும் இருந்தால் அது பாதி 'டீப் வி'; அலையில் மென்மையாக இறங்கும். அடி தட்டையாக இருந்தால் அமைதியான குளத்துக்கு மட்டும்.

நம் கடலோரத்துக் கட்டுமரம் இந்த இடத்தில் யாருக்கும் ஞாபகம் வரும். காசிமேட்டிலும் நொச்சிக்குப்பத்திலும் அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய்வந்த அந்த மரங்களின் தந்திரம் முற்றிலும் வேறு. கட்டுமரத்தில் தண்ணீர் புகுந்து நிற்க உள்ளிடமே கிடையாது. கயிற்றால் கட்டிய கட்டைகளின் இடுக்கு வழியே அலை மேலே வந்து கீழே வடிந்துவிடும். இறைக்க வேண்டிய தேவையே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் கரையில் குறைந்துவிட்டது. ரிமோட் படகு மூடிய உடலை நம்பி மிதக்கிறது. மூடியின் ஓரத்தில் டேப் சரியாக ஒட்டவில்லை என்றால் கதை முடிந்தது. ஆகவே இரு உடல்களின் மூக்கிலும் தெர்மாகோல் திணிப்பது எல்லா வேலைகளுக்கும் முந்திய வேலை.

கவிழ்ந்த பிறகு என்ன? ஒற்றை உடல் படகுகள் சிலவற்றில் ஒரு பக்கம் தண்ணீர் புகும் அறை வைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்ததும் அது நிரம்பி, ஒரு பக்கம் கனத்து, படகு தானாக நிமிர்ந்துவிடும். கேட்டமரானில் இது பெரும்பாலும் நடக்காது. நிமிர்ந்து நிற்கையில் அதை ஆடாமல் வைத்திருக்கும் அதே அகலம், கவிழ்ந்த பிறகு கவிழ்ந்தபடியே ஆடாமல் வைத்திருக்கும். ஆன்டெனா தண்ணீருக்குள் போய்விட்டதால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலும் எட்டாது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய் ஆகாயத்தாமரைக்குள் சொருகும். இந்த வட்டாரத்து ஏரிகளில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். ஆடி மாதத்து மேலைக் காற்று என்றால் படகு உங்கள் காலடிக்கே ஒதுங்க வாய்ப்புண்டு. கடற்காற்று என்றால் நேர் எதிர்த் திசையில், யாரும் போக முடியாத சேற்றோரத்துக்குப் போய்விடும். மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வருவது அந்தக் காற்றுதான்.

கேட்டமரான் வேகத்துக்காக மட்டும் உள்ளதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆழம் அளக்கும் ஆளில்லாப் படகுகளில் மெல்லிய இரட்டை உடலை விரும்புவதற்குக் காரணம் ஆடாமல் நிற்பது. எதிரொலிக் கருவி சாய்ந்தால் ஆழம் தப்பாக வரும். சென்னை ஐஐடியின் துறைமுகத் தொழில்நுட்ப மையம் சூரிய சக்தியில் ஓடும் ஆளில்லா ஆய்வுப் படகு ஒன்றை உருவாக்கி எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் சோதித்திருக்கிறது. வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்த ஏரிகளை அளக்க இப்படிப்பட்ட படகுகள் வந்தால் நல்லது. மெதுவாகப் போகும் படகுக்கு டன்னல் காற்று ஒரு பொருட்டே இல்லை. கல்லூரி மாணவர்கள் செயல்திட்டத்துக்குப் படகு கட்டுவதானால் பந்தயக் கேட்டமரானை நகல் எடுக்காமல் இந்த வகையைப் பார்க்கட்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. படகின் நீளம் 70 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சாயங்கால ஏரிக்குக் கேட்டமரான் வேண்டாம்; தானாக நிமிரும் 'டீப் வி' வாங்குங்கள். 90 சென்டிமீட்டருக்கு மேலே, டன்னல் உயரமாக, வெளிப்பக்கம் சரிவாக, எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கேட்டமரானே மேல். இடைப்பட்ட அளவில் இரண்டும் ஒன்றுதான், கையில் இருக்கும் காசைப் பொறுத்தது. எந்தப் படகானாலும் ஏரியைப் பராமரிக்கும் துறையிடமோ மாநகராட்சியிடமோ அனுமதி கேட்டுவிட்டு இறக்குங்கள். செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி, அதை விட்டுவிடுங்கள். பெடல் படகில் குழந்தைகள் சுற்றும் இடத்தில் உலோக ப்ரொப்பெல்லர் வேண்டவே வேண்டாம். கவிழ்ந்த படகை எடுக்க நீந்திப் போகாதீர்கள்; தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி வீசி இழுங்கள், முடியவில்லை என்றால் காற்று ஓயும்வரை கரையிலேயே காத்திருங்கள்.