பிக்கப் வண்டியின் பாரமும் இழுப்பும்

நெல், வாழைத்தார், உரம் முதலியவற்றைக் கொண்டுசெல்லப் பிக்கப் வண்டிகள் கிராமங்களில் பெரிதும் உபயோகப்பட்டு வருகின்றன. பின்தொட்டியில் இடமுள்ள வரையில் மூட்டைகளை அடுக்கலாமென்று குடியானவர்களில் அநேகர் எண்ணுகின்றனர். இது தவறாகும். தொட்டி கொள்ளும் அளவு வேறு. வண்டி தாங்கும் பாரம் வேறு.

பாரத்தைக் கணக்கிடும் முறை:— வண்டியின் பதிவுச் சான்றில் காலி எடையும், பாரத்துடன் கூடிய மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். பின்னதினின்று முன்னதைக் கழித்தால் வருவதே வண்டி தாங்கும் பாரம். காலி எடையில் ஓட்டுநரின் எடை சேராது. உதாரணமாக, மொத்த எடை 3,000 கிலோவும் காலி எடை 1,700 கிலோவும் ஆயின், மீதி 1,300 கிலோ. இதில் ஓட்டுநருக்கும் உடன்செல்லும் ஆளுக்கும் 150 கிலோ கழிய, சரக்கிற்கு எஞ்சுவது 1,150 கிலோ. ஆகவே 75 கிலோ மூட்டைகளில் 15 மட்டுமே ஏற்றலாம். ஈர நெல் காய்ந்த நெல்லினும் கனமுள்ளதாகையால், மூட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் எடை மேடையில் நிறுத்துப் பார்ப்பது நலம்.

டிரெய்லர் இழுத்தல்:— மாட்டுவண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் மிகுந்தால் மேலே தூக்கும். இரு சக்கர டிரெய்லரின் இயல்பும் அதுவே. அதன் மொத்த எடையில் 100க்கு 10 முதல் 15 பங்கு வரை இணைப்புக் கொக்கியின்மேல் அமர்தல் வேண்டும். இதற்குக் குறைந்தால் டிரெய்லர் பாதையில் இருபுறமும் அலையும். மிகுந்தால் வண்டியின் முன்சக்கரங்கள் பிடிப்பிழந்து திருப்புவதற்கு அடங்கா. கொக்கியின்மேல் அமரும் எடையும் வண்டியின் பாரமே. 800 கிலோ டிரெய்லரில் 80 கிலோ அவ்வாறு அமருமாயின், மேற்கூறிய வண்டியில் 14 மூட்டைகளே ஏற்றத்தகும். மேலும், இழுக்கத்தகும் எடையைத் தயாரிப்பாளர் குறிப்பிடாத வண்டியில் டிரெய்லர் பூட்டலாகாது. எஞ்சின் இழுத்துவிடலாம், ஆனால் பிரேக் நிறுத்த வேண்டுமே!

மிகைப் பாரத்தின் தீங்குகள்:— டயர்கள் சூடேறி வெடிக்கும், பட்டைவில் முறியும். மலைச்சரிவில் இறங்குகையில் பிரேக் காய்ந்து வலுவிழப்பதால் உயிர்ச்சேதமும் நேரிடும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபடி, மிகைப் பாரத்திற்கு அபராதம் ரூ. 20,000, அன்றியும் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000. சரக்கை இறக்கும் செலவும் தனியே.

ஒரு நடையில் மீதமாகும் வாடகை சொற்பமே. ஆகையால் மூட்டைகள் மிகுந்தவிடத்து இரண்டாம் நடை அடிப்பதே சிக்கனமாகும். கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன்னரே இக்கணக்கை வண்டிக்காரர்களுக்கு விளக்குவார்களாயின் பெரும் நஷ்டம் தவிர்க்கப்படும்.