கோட்டுக்கு வெளியே நின்றவர்

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் 1950ஆம் ஆண்டு பிறந்தவர் வாசுதேவன் பாஸ்கரன். வளைகோல் பந்தாட்டத்தில், அதாவது ஹாக்கியில், இந்திய அணிக்கு ஆட்டக்காரராகவும் தலைவராகவும் பின்னர்ப் பயிற்றுநராகவும் விளங்கியவர்.

அவர் பங்கேற்ற 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் இவ்விளையாட்டு முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் நடைபெற்றது. தரை மாறினால் ஆட்டம் மாறுமா? ஜங்லிகாட்டின் மண் திடல் ஒன்றில் பந்தை உருட்டிப் பார்ப்பவருக்கு விடை எளிதில் விளங்கும். மண்ணில் பந்து துள்ளும், திசை மாறும். அதனை அடக்கிக் கோலோடு கொண்டு செல்லும் நுட்பமே இந்தியரின் வலிமையாக இருந்தது. செயற்கைத் தரையிலோ பந்து நேராகவும் விரைவாகவும் ஓடும். ஆகவே ஓட்டமும் உடல் உரமும் முதன்மை பெற்றன. இந்தியா ஏழாம் இடத்திற்கு இறங்கியது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், மாஸ்கோவில் பாஸ்கரன் அணித்தலைவர். பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து ஆகியவை அங்கு வரவில்லை. ஆறு அணிகளே ஆடின. இதனால் அவ்வெற்றியைச் சிறிதாக மதிப்பிடுவோர் உண்டு. அவர்கள் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பெயினுக்கு எதிராக 3-0 என முன்னிலை பெற்ற இந்தியா, ஆட்டம் முடிகையில் 4-3 என்றே தப்பியது. சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல்களும், கௌஷிக்கும் முகமது ஷாகிதும் ஒவ்வொரு கோலும் அடித்தனர். அது இந்தியாவின் எட்டாவது ஒலிம்பிக் தங்கம்.

ஆடுகளத்தில் நிற்கும் தலைவர் தவறு நேர்ந்தால் தாமே ஓடிச் சென்று தடுக்கலாம். பயிற்றுநருக்கு அந்த உரிமை இல்லை. எனினும் 1990களில் விதிகள் மாறி, ஆட்டக்காரரை எத்தனை முறையும் மாற்றலாம் என்றானபின், எவரை எப்பொழுது உள்ளே அனுப்புவது என்னும் பெரும்பொறுப்பு அவர்மேல் விழுந்தது.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பாஸ்கரன் அத்தகைய பொறுப்பில் இருந்தார். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று. அர்ஜென்டினாவையும் ஸ்பெயினையும் வென்று, ஆஸ்திரேலியாவுடன் சமன் செய்து, தென் கொரியாவிடம் தோற்ற இந்தியா ஏழு புள்ளிகளுடன் நின்றது. பிரிவின் கடைசி ஆட்டத்தில் போலந்தை வென்றால் பத்துப் புள்ளி, அரையிறுதி உறுதி. தன்ராஜ் பிள்ளை முதலியோர் அடங்கிய அணி 1-0 என முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்திற்கும் குறைவாக இருக்கையில் போலந்து சமன் செய்தது. இரண்டு புள்ளிகள் போயின, அரையிறுதியும் போயிற்று. இந்தியா மீண்டும் ஏழாம் இடமே பெற்றது. மாஸ்கோவில் ஒரு கோல் முன்னிலையைக் களத்தில் நின்று காத்தவர், இம்முறை கோட்டுக்கு வெளியே நின்று பார்த்திருந்தார்.

2006ஆம் ஆண்டு உலகக் கோப்பையிலும் அவரே பயிற்றுநர். பன்னிரண்டு அணிகளுள் இந்தியாவுக்குப் பதினோராம் இடம். அவருடன் மாஸ்கோவில் ஆடிய கௌஷிக்கின் பயிற்சியிலோ 1998இல் ஆசிய விளையாட்டுத் தங்கம் கிட்டியிருந்தது.

மாஸ்கோவுக்குப் பின் ஆடவர் வளைகோல் பந்தில் இந்தியா அடுத்த ஒலிம்பிக் பதக்கம் பெற 41 ஆண்டுகள் ஆயின. டோக்கியோவில் வெண்கலம் வென்ற அவ்வணியின் பயிற்றுநர் கிரகாம் ரீடும் முன்னாள் ஆட்டக்காரரே. அங்கு இலக்கைக் காத்த ஸ்ரீஜேஷ், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்குடன் ஓய்வு பெற்று, இளையோர் அணியின் பயிற்றுநரானார்.